மூன்று ஊசியும் முப்பது ஆண்டும்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிச் சென்னிமலையில் நடைபெற்ற இளைஞர் அரங்கில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

    

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவிலே கல்வியைப் பற்றிப் பேசாது, கல்லீரலைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் பேச வந்திருக்கிறாரே இவர் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் மருத்துவன் அல்லன். வரலாறு படித்துப் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளாகச் சுண்ணக்கட்டி பிடித்தவன். ஆயினும் இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் கழகத்தின் உதவித்தொகை பெற்றுச் செவிலியர் படிப்பில் சேர்ந்த மாணவி ஒருத்தி, சென்ற ஆண்டு விடுமுறையில் என் வீட்டுக்கு வந்தாள். "ஏனுங்க ஐயா, காலேஜில மஞ்சக்காமாலை தடுப்பூசி போட்டதுக்கு அட்டை கேக்கறாங்க. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல போட்டாங்கன்னு எங்கம்மா சொல்றாங்க. அது இன்னும் ஒடம்புல இருக்குமுங்களா, இல்ல மறுபடியும் மொதல்ல இருந்து போடோணுமா?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. மாணவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அதைத் தேடிப் படிப்பது ஆசிரியனின் கடன். படித்தேன், மருத்துவ நண்பர்களிடம் கேட்டேன். அவ்வாறு அறிந்ததையே உங்கள்முன் வைக்கிறேன்.

அதற்கு முன்பு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் சொன்ன அந்தப் 'பள்ளிக்கூடத்து ஊசி'யைப் போன்ற முகாம் ஒன்றில் எனக்கும் பங்கு உண்டு. 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலம். நான் அப்போது வேறொரு பள்ளியில் உதவி ஆசிரியன். தடுப்பூசி முகாம் என்று சிலர் வந்தார்கள். அவர்கள் யார் என்பது இப்போது தேவையில்லை. கொடிய நோய், எய்ட்சைக் காட்டிலும் எளிதில் பரவுவது, என்றெல்லாம் அச்சமூட்டிப் பேசினார்கள். பணம் வசூலிக்கும் பொறுப்பு வகுப்பாசிரியனாகிய என்மீது விழுந்தது. பணம் கொண்டு வந்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கொண்டு வர இயலாத பிள்ளைகள் பின்பெஞ்சியில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்பதை இந்த அவையில் நான் சொல்லத் தேவையில்லை. முதல் ஊசி போட்டார்கள். அடுத்த மாதம் இரண்டாம் ஊசி போட்டார்கள். மூன்றாம் ஊசிக்கு ஆறாம் மாதம் வருவதாகச் சொன்னவர்கள் வரவேயில்லை. கொடுத்த அட்டையில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறு ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அழகாக அச்சிட்டிருந்தார்கள். அன்று நான் எதையும் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்பதே உண்மை. பணம் கட்டிய பிள்ளைக்கு அரைக்காவல், கட்டாத பிள்ளைக்குக் காவலே இல்லை என்ற நிலையில் அந்த வகுப்பு கலைந்துபோயிற்று. அவர்களுக்கெல்லாம் இன்று முப்பதைத் தாண்டிய வயது. சிலர் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள்.

இனி நோயைப் பற்றிச் சில சொற்கள். மஞ்சட்காமாலை என்பது ஒரு நோயன்று. கல்லீரல் கெட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம். கல்லீரலை அழற்சியுறச் செய்யும் நச்சுயிரிகள் பல. அவற்றுள் 'ஏ' வகையும் 'இ' வகையும் கெட்ட குடிநீராலும் உணவாலும் பரவுபவை. பெரும்பாலும் சில வாரங்களில் தாமே தீர்ந்துவிடும். நான் பேச வந்த 'பி' வகை அப்படிப்பட்டதன்று. அது குருதியாலும் உடல் நீர்மங்களாலும் பரவுவது. நோயுள்ள தாயிடமிருந்து மகப்பேற்றின்போது குழந்தைக்கு வரும். ஒருவருக்குப் போட்ட ஊசியை மற்றவருக்குப் போட்டால் வரும். சோதிக்காத குருதியை ஏற்றினால் வரும். பாதுகாப்பற்ற உடலுறவால் வரும். முடிதிருத்தும் கடையின் பழைய சவரக்கத்தியாலும், திருவிழாக் கடைகளில் ஒரே ஊசியால் பலருக்கும் பச்சை குத்துவதாலும் வரக்கூடும். உடலுக்கு வெளியே உலர்ந்த குருதியில்கூட இந்நச்சுயிரி ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கும். 2009 இல் குசராத்தின் மொடாசாப் பகுதியில் பலர் இந்நோய்க்கு ஆளாகி மாண்டபோது, பயன்படுத்திய ஊசிகளையே மீண்டும் பயன்படுத்திய கொடுமை வெளிச்சத்துக்கு வந்ததை நாளிதழ்களில் படித்தவர்கள் நினைவுகூரலாம்.

இந்நோயின் விந்தையான தன்மை ஒன்று உண்டு. வளர்ந்த ஒருவருக்கு இது தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்க்கு மேல் சில மாதங்களில் நச்சுயிரியைத் தாமே வென்றுவிடுவர். பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளிலோ, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதை வாழ்நாள் முழுதும் சுமப்பர். சுமப்பவருக்கு நோய்க்குறி எதுவும் தெரியாது. உழைப்பார், திருமணம் செய்துகொள்வார், பிள்ளை பெறுவார். இருபது முப்பது ஆண்டுகள் கழிந்த பின்பு ஒரு நாள் வயிறு வீங்கும், குருதி வாந்தி வரும். கல்லீரல் சுருங்கிவிட்டது என்பார் மருத்துவர். அல்லது புற்றுநோய் என்பார். 'குடித்துக் கெட்டான்' என்று ஊர் சொல்லும். ஒரு சொட்டும் குடிக்காதவனையும் அவ்வாறே சொல்லும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2022 ஆம் ஆண்டில் இந்நோயைச் சுமந்து வாழ்ந்தோர் உலகெங்கும் 25 கோடியே 40 இலட்சம் பேர். அவர்களுள் ஏறத்தாழ 3 கோடிப் பேர் இந்தியர்.

இந்நச்சுயிரியைக் கண்டறிந்த கதையில் வரலாற்றாசிரியனுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. அமெரிக்க அறிஞர் பரூக் பிளம்பர்க் கல்லீரல் நோயைத் தேடிப் போகவில்லை. ஒரு மனிதக் குழுவுக்கும் மற்றொன்றுக்கும் குருதியில் என்ன வேறுபாடு என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மனிதர் ஒருவரின் குருதிநீரில் இருந்த ஒரு புரதம், பலமுறை குருதியேற்றப்பட்ட நோயாளி ஒருவரின் குருதிநீரோடு வினைபுரிவதைக் கண்டார். அதற்கு 'ஆஸ்திரேலிய எதிர்ப்பொருள் தூண்டி' என்று பெயரிட்டு 1965 இல் வெளியிட்டார். அது 'பி' வகை நச்சுயிரியின் மேலுறைப் புரதமே என்பது பின்னர்த் தெரிந்தது. 1976 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த சூலை 28 ஆம் நாளையே இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாளாகக் கடைப்பிடிக்கிறோம். குருதி கொடுத்த அந்தப் பூர்வகுடி மனிதரின் பெயரோ பாடநூல்களில் இல்லை.

அந்த மேலுறைப் புரதமே தடுப்பூசிக்கு அடிப்படை. 1981 இல் வந்த முதல் தடுப்பூசி, நோயைச் சுமப்பவர்களின் குருதிநீரிலிருந்தே அப்புரதத்தைப் பிரித்துத் தூய்மைப்படுத்திச் செய்தது. 1986 முதல், ஈஸ்டு என்னும் நொதி நுண்ணுயிரிக்குள் மரபணுவைப் புகுத்தி அதைக் கொண்டே அப்புரதத்தைச் செய்விக்கும் முறை வந்தது. ஆகவே இன்று நமக்குப் போடும் ஊசியில் உயிருள்ள கிருமியும் இல்லை, செத்த கிருமியும் இல்லை. கிருமியின் சட்டை மட்டுமே இருக்கிறது. அதனால் நோய் வந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டியதில்லை. வெளிநாட்டு ஊசி ஏழைக்கு எட்டாத விலையில் விற்ற காலத்தில், ஐதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி என்னும் மின்னணுப் பொறியாளர் தொடங்கிய சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், 1997 ஆகஸ்டில் உள்நாட்டிலேயே இத்தடுப்பூசியைச் செய்து வெளியிட்டது. அதன்பின் விலை பன்மடங்கு வீழ்ந்தது.

இனி, அம்மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஊசி எத்தனை ஆண்டு காக்கும்?

இதற்கு விடை தந்தவர்கள் அலாஸ்காவின் பூர்வகுடி மக்கள். வட துருவத்தை ஒட்டிய பனிநாட்டில், மீன்பிடித்தும் வேட்டையாடியும் வாழும் மக்கள் அவர்கள். உலகிலேயே இந்நோய் மிகுந்திருந்த இடங்களுள் அவர்களுடைய சிற்றூர்களும் அடங்கும். இளஞ்சிறார்களே கல்லீரல் புற்றுநோயால் மாண்டனர். 1981 முதல், அம்மக்களுள் 1,578 பேருக்கு, ஆறு மாதக் குழந்தை தொடங்கி முதியோர் வரை, தடுப்பூசி போட்டார்கள். போட்டுவிட்டுப் போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐந்தாம் ஆண்டு வந்தார்கள். பத்தாம் ஆண்டு வந்தார்கள். பதினைந்து, இருபத்திரண்டு, முப்பது என்று திரும்பத் திரும்ப வந்து அதே மனிதர்களின் குருதியைச் சோதித்தார்கள். மூன்றாம் ஊசிக்கே வராத முகாமைக் கண்ட எனக்கு இதைப் படித்தபோது பெருமூச்சு வந்தது.

முப்பதாம் ஆண்டின் முடிவு 2016 இல் வெளியாயிற்று. இடையில் மறு ஊசி எதுவும் போடாத 243 பேரைச் சோதித்ததில், 51 விழுக்காட்டினரின் குருதியில் காப்புக்குப் போதுமான எதிர்ப்புப் புரதம் அப்போதும் இருந்தது. மில்லி லிட்டருக்குப் பத்து மில்லி அலகு என்பது அந்தப் போதுமான அளவு. எஞ்சியோரிடம் அளவு அதற்குக் கீழே இறங்கியிருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஊசி என்று அச்சிட்டவர்கள் இதைப் பார்த்தால், 'சொன்னோமே, பாதிப் பேருக்குக் காவல் போய்விட்டதே' என்பார்கள். ஆய்வாளர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. அளவு குறைந்தவர்களுக்கு ஒரே ஒரு ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துச் சோதித்தார்கள். 88 விழுக்காட்டினரின் உடல் உடனே எதிர்ப்புப் புரதத்தை மிகுதியாகச் செய்து காட்டியது. முதன்முறை ஊசி போடுபவனின் உடல் அவ்வளவு விரைவாகச் செய்யாது. ஆக, குருதியில் புரதம் மறைந்திருந்தாலும் உடல் அந்த நோயை மறக்கவில்லை. முதலில் ஊசி ஏற்றவர்களுள் பத்துக்கு ஒன்பது பேர்க்கு மேல் முப்பதாண்டுக்குப் பின்னும் காப்போடு இருக்கிறார்கள் என்று அவர்கள் முடிவு கூறினார்கள்.

இது எவ்வாறு இயலும் என்று விளக்க, நான் பனிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. சென்னிமலையில் வாழ்பவர்க்குத் தறியைக் காட்டினால் போதும். பூவேலை பெட்ஷீட்டுக்கு ஆர்டர் வருகிறது. ஜக்கார்டு அட்டையில் துளையிட்டு, அட்டைகளைக் கோத்துத் தறியின்மேல் ஏற்றுகிறோம். முதன்முறை இதற்கு நாளாகும். கை பழக வேண்டும். பிழை திருத்த வேண்டும். அதன்பின் துணி நெய்து மூட்டை மூட்டையாகக் கிடங்கில் சேர்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மூட்டைகள் விற்றுத் தீர்கின்றன. கிடங்கைத் திறந்து பார்த்த வெளியூர் வணிகர், 'துணியே இல்லை. இவர்களுக்கு அந்தப் பூவே மறந்துபோயிற்று' என்று சொன்னால் நாம் சிரிக்க மாட்டோமா? அட்டை தறியின்மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. மறுபடி ஆர்டர் வந்தால் மறுநாளே அந்தப் பூ நெய்யப்படும்.

குருதியில் மிதக்கும் எதிர்ப்புப் புரதம் கிடங்குத் துணி. உடலுக்குள் உறையும் நினைவணுக்கள் தறியின்மேல் தொங்கும் அட்டை. குருதிச் சோதனை கிடங்கைத்தான் எண்ணுகிறது, அட்டையை எண்ணுவதில்லை.

அப்படியானால் வில்வாத ஜன்னிக்கு மட்டும் ஏன் பத்தாண்டுக்கு ஒருமுறை ஊசி என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அந்நோயின் நஞ்சு சில நாள்களிலேயே நரம்பைத் தாக்கிவிடும். அட்டை இருந்து பயனில்லை. கிடங்கில் துணி ஆயத்தமாக இருந்தாக வேண்டும். 'பி' வகை நச்சுயிரியோ மெல்ல வேலை செய்யும் பகைவன். உடலுக்குள் நுழைந்து நோயாக வெளிப்பட ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை ஆகும். அதற்குள் தறி ஓடத் தொடங்கிவிடும். நச்சுயிரி சிறிது பெருகினாலும் கல்லீரலில் நிலைத்துத் தங்க இயலாது.

தைவானிலும் இதே முடிவைக் கண்டிருக்கிறார்கள். 1984 இல் குழந்தைகளுக்கு இவ்வூசியைப் போடத் தொடங்கிய நாடு அது. அன்று தைப்பே நகரச் சிறார்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் நோயைச் சுமந்தவர். 1999 இல் அது நூற்றுக்கு ஒருவர் என்பதற்கும் கீழே வந்தது. சிறார்க்கு வரும் கல்லீரல் புற்றுநோயும் குறைந்தது. புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி என்று இதைச் சொல்வது அதனால்தான். அங்கே குழந்தையாய் ஊசி போட்டவர்கள் பதினெட்டு இருபது வயதை எட்டியபோது, பெரும்பாலோரின் குருதியில் எதிர்ப்புப் புரதம் குறைந்துபோயிருந்தது. சிலர் ஒரு மறு ஊசிக்கு இசைவு காட்டவுமில்லை. ஆயினும் புதிதாக நோயைச் சுமப்போர் மிக அரியர். இவற்றையெல்லாம் ஆராய்ந்தே உலக நலவாழ்வு நிறுவனம், தவணைகளை முறையாக முடித்த நலமுள்ள மனிதருக்குப் பொதுவாக மறு ஊசி தேவையில்லை என்று 2017 இல் மீண்டும் உறுதிப்படுத்தியது.

'தவணைகளை முறையாக முடித்த' என்னும் சொற்களில்தான் நம் பிள்ளைகளின் சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் 2002 - 2003 இல் சில நகரங்களிலும் மாவட்டங்களிலும் மட்டும் குழந்தைகளுக்கு இவ்வூசியை அரசு போடத் தொடங்கியது. 2007 - 2008 இல் தமிழ்நாடு உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு விரிந்தது. 2011 இல் நாடு முழுமைக்கும் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் தமிழ்நாட்டில் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியிலேயே இதுவும் சேர்ந்தது. ஆகவே இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் பெரும்பாலோர் அரசின் செலவிலேயே இந்தக் காப்பைப் பெற்றிருக்கிறார்கள். அதற்கு முன்பு பிறந்த உங்களுள் பணம் உள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியாரிடம் போட்டிருப்பார்கள். நம் தெருக்களில் பெரும்பாலோர் ஒன்றும் போடவில்லை. சிலர் ஒன்றோ இரண்டோ போட்டிருப்பீர்கள்.

நாற்பது வயதுக்குட்பட்ட நலமுள்ளவரிடம் முதல் ஊசி பாதிப் பேருக்குக்கூட உறுதியான காப்புத் தருவதில்லை. இரண்டாவதோடு நான்கில் மூவர் காப்புப் பெறுவர். மூன்றாவதோடு பத்தில் ஒன்பதின்மருக்கு மேல். அந்த மூன்றாவதே நெடுங்காலக் காப்புக்கு அடித்தளம். அட்டையை உறுதியாகக் கோப்பது அதுதான். வயது ஏற ஏற உடல் ஊசியை ஏற்கும் திறன் குறையும். ஆகவே இளமையில் போடுவதே பயன் மிகுதி. மற்றொன்று, இதை நான் அறிந்தபோது மகிழ்ச்சியடைந்தேன்: விட்டுப்போன தவணைக்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. இருபது ஆண்டு கழிந்திருந்தாலும், முன்பு இரண்டு போட்டது அட்டையில் பதிவாகியிருந்தால், மூன்றாவதை மட்டும் போட்டால் போதும். பதிவே இல்லாதவர், போட்டதாக வாய்ச்சொல் மட்டும் உள்ளவர், மூன்றையும் போட்டுக்கொள்வதே முறை. மிகையாகப் போட்டதனால் கேடில்லை.

மருத்துவமனை வேலைக்குப் போகிறவர் மட்டும் ஒரு படி மேலே செல்ல வேண்டும். மூன்றாம் ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புப் புரதத்தின் அளவைச் சோதித்து, பத்து அலகுக்கு மேல் இருப்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாள் வாழ்நாளுக்கும் பயன்படும். குழந்தையிலேயே மூன்றும் போட்டு இப்போது சோதனையில் அளவு குறைந்திருப்பவர் ஓர் ஊசி போட்டுப் பார்க்கலாம். அளவு ஏறினால் வேலை முடிந்தது. ஏறாவிட்டால் மட்டும் மீதி இரண்டையும் போட்டு மறுபடி சோதிப்பது வழக்கம். என் மாணவிக்கு இதையே சொல்லி அனுப்பினேன். சிறுநீரகச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோர், நோயெதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோருக்குக் கணக்கு வேறு. அவர்கள் மருத்துவர் சொற்படி நடக்க வேண்டும்.

செவிலியர் கல்லூரி அட்டை கேட்கிறது. ஆய்வகப் படிப்பும் கேட்கிறது. கேட்காத இடம் ஒன்று உண்டு. அங்கேதான் நம்மவர் மிகுதி.

என் பழைய மாணவர் ஒருவர். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர், கணக்கில் கெட்டிக்காரர். நகரத்து மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளராகச் சேர்ந்தார். குப்பைப் பையைத் தூக்கும்போது கையுறையைத் துளைத்து இருமுறை ஊசி குத்தியிருக்கிறது. மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, 'கையைக் கழுவிவிட்டு வேலையைப் பார்' என்றாராம். அங்கே செவிலியர்க்குத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். ஒப்பந்தக்காரரின் ஆட்களை எவரும் பட்டியலில் சேர்க்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தங்கையின் அறுவைக்குக் குருதி கொடுக்கப் போன இடத்தில், 'உங்கள் குருதியை ஏற்க இயலாது' என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஊசியால்தான் வந்தது என்று எவராலும் இனி நிறுவ முடியாது. பிறவியிலேயே வந்திருக்கவும் கூடும். அப்படி நிறுவ முடியாமற் போவதே ஒப்பந்தக்காரர்க்கு வசதி.

செய்தி அறிந்து அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் தனியே அமர்ந்திருந்தார். அவருக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பிள்ளையை அவர் மடியில் விடவில்லை. நான் அந்த டம்ளரை எடுத்துப் பானையில் தண்ணீர் மொண்டேன். "ஐயா, வேண்டாங்க! அது என்ற டம்ளருங்க, நீங்க அதுல குடிக்காதீங்க" என்று பதறி எழுந்தார்.

பெரியோர்களே! தேநீர்க் கடையில் நம் முன்னோருக்குத் தனிக் குவளை வைத்த மண்ணிலே பிறந்தவர்கள் நாம். அந்தக் குவளையை உடைக்க எத்தனை பேர் அடிபட்டார்கள் என்பதை இந்தக் கழகத்தின் மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். அதே குவளையை நம் வீட்டுக்குள் நாமே, நம் மகனுக்கே வைப்பதா? நான் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். அதில் வீரம் ஒன்றும் இல்லை. இந்நோய் ஒரே டம்ளரில் குடிப்பதாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ, தொடுவதாலோ, கட்டியணைப்பதாலோ, இருமலாலோ பரவுவதில்லை. தனியாக வைக்க வேண்டியவை சவரக்கத்தி, நகவெட்டி, பல்துலக்கி ஆகியவையே. குருதிபடக்கூடிய பொருள்கள் இவை. வீட்டிலுள்ள மற்றவர்கள் சோதித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டால் போதும். அவருடைய மனைவிக்கும் பிள்ளைக்கும் நோயில்லை; மனைவி மூன்று ஊசியையும் முடித்துவிட்டார். பிள்ளை பிறந்தபோதே அரசு மருத்துவமனையில் போட்டிருந்தார்கள். அவரும் அரசு மருத்துவமனையில் பதிவு செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதித்து வருகிறார். 2018 சூலையில் தொடங்கிய தேசியக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். எல்லோருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை; தேவைப்படுவோர்க்கு நாள்தோறும் ஒரு மாத்திரை நச்சுயிரியை அடக்கி வைக்கும்.

ஊசி குத்திவிட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவ வேண்டும். பிதுக்கவோ வாயால் உறிஞ்சவோ கூடாது. உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் முதல் ஊசியும், தேவையானால் ஆயத்தமான எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டால் நோய் வராமல் தடுக்கலாம். எழுத்தில் என்று அழுத்திச் சொல்கிறேன். வாயால் சொன்னது மேற்பார்வையாளர் காதோடு போய்விடும்.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாவிட்டால் தாய்மார்கள் என்னை விடமாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அதை அரைத்து மோரில் கலந்து கொடுத்தவர்கள்தாம். இகழ்ச்சியாக எதுவும் சொல்ல மாட்டேன். சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சா. ப. தியாகராசன் குழுவினர், நோயைச் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லியைக் கொடுத்து ஆராய்ந்து, 37 பேரில் 22 பேரின் குருதியிலிருந்து நச்சுயிரியின் அடையாளம் மறைந்ததாக 1988 இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிளம்பர்க்கும் அதில் ஆர்வம் காட்டினார். ஆனால் பிற நாடுகளிலும் பிற இடங்களிலும் செய்து பார்த்தபோது அதே பயன் கிட்டவில்லை. ஆய்வு என்றால் அப்படித்தான். ஓரிடத்தில் கிடைத்தது எல்லா இடத்திலும் கிடைத்தால்தான் நிலைக்கும். காமாலை கண்டவுடன் கீழாநெல்லி தின்று தேறியவர் பலர் என்பீர்கள். அவர்களுள் பெரும்பாலோர்க்கு வந்தது தானே தீரும் 'ஏ' வகை. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் கையில் சூடு போடுவதைப் பற்றியோ நான் மென்மையாகப் பேச மாட்டேன். பிள்ளைகளின் கைகளில் அந்தத் தழும்பைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சினம் மிஞ்சியிருக்கிறது.

நம் கழகம் செய்ய எண்ணியிருப்பதைச் சொல்லி அமர்கிறேன். பதினெட்டு முதல் நாற்பது வயது வரை உள்ள நம் உறுப்பினர்களுள் விரும்புவோர் அனைவருக்கும் மூன்று தவணையும் போடுவதெனச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. முதலில் துப்புரவுப் பணியிலும் மருத்துவமனைப் பணியிலும் உள்ளவர்கள், பின்பு செவிலியர், ஆய்வகப் படிப்பு மாணவர்கள், பிறகு மற்றவர்கள். பத்துப் பேருக்கான புட்டியாக வாங்கினால் செலவு குறையும். ஊசிக்கு முன்பு குருதிச் சோதனை உண்டு. ஏனெனில் நோயை ஏற்கெனவே சுமப்பவர்க்கு ஊசியால் பயனில்லை, சிகிச்சையே வேண்டும். சோதனையின் முடிவு அவரவர் கையில் மட்டும் கொடுக்கப்படும். எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படாது. செயலாளரும் கேட்க மாட்டார், நானும் கேட்க மாட்டேன்.

வாசலருகே மேசைமேல் பதிவேடு இருக்கிறது. பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறேன்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பழைய அட்டை வைத்திருப்பவர் அதையும் கொண்டு வாருங்கள். முன்பு போட்டதைக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். மூன்றாம் கட்டம் நிரம்பாத பெயர் எதுவாயினும், பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி வந்ததைப் போல, அந்த வீட்டுக்கு நானே மிதிவண்டியில் வருவேன். பெயர் எழுதும்போது தெருப் பெயரையும் தெளிவாக எழுதுங்கள்.